பதினான்காம் ஸ்டேஷனும் விட்டுப்போன ஆஃப் ஸ்பின்னரும்

ஒரகடம்,
13-7-2014, ஞாயிறு.

பெருமதிப்புக்குரிய அத்தான் சுடலைக்கண்ணு அவர்களுக்கு, மைத்துனன் நம்பிராஜன் கைகூப்பி எழுதுவது. அக்காவுக்கு முட்டுவலி தணிந்திருக்கும் என்றும், சாரல் இறங்கி அங்கே காற்று குளிர்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் நாச்சியாரும் பிள்ளைகளும் சௌக்கியம். உங்கள் மகள் மாரிசெல்வியும் சௌக்கியம். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மையில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனில் யாரையும் திட்டுவதில்லை, “ம்” என்று மட்டும் சொல்வீர்கள். அந்த “ம்” எனக்கு நாலு நாளைக்குக் காதிலேயே நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன் தென்காசி ஸ்டேஷனில் பிள்ளையைப் பொதிகை வண்டியில் ஏற்றிவிட்டு, “நீதான் பாத்துக்கிடணும் மாப்ளே” என்று என் தோளைத் தொட்டீர்கள். நானும், அத்தான், என் கம்பெனி, என் லைன், என் கண்முன்னாலேயே வேலை, டிரெய்னிங் முடிந்ததும் நிரந்தரம் ஆக்கிக் காட்டுகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். வேலை நிரந்தரம் ஆனால் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிவைக்கலாம், ஆகாவிட்டால் ஆவணியிலேயே உங்கள் தங்கச்சி மகனுக்கு முடித்துவிடலாம் என்பது நமக்குள் இருக்கும் பேச்சு. அவளுக்கு அந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நிரந்தரத்துக்கான நேர்முகம் நாளைக்கு, திங்கட்கிழமை. அதில்தான் நான் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை எங்களுக்கு இரண்டாவது ஷிப்ட். இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் நடக்கிறதே, அதன் நாலாவது நாள். எங்கள் செல்போன் எல்லாம் கேட்டில் லாக்கரில் போய்விடும் என்பதால், சரக்கு ஏற்றும் பக்கம் போய்வரும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்தான் எங்களுக்கு ஸ்கோர் போர்டு. வெள்ளிக்கிழமையே இங்கிலாந்துக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு விக்கெட், அதுவும் மட்டையைக் கம்பு மாதிரிப் பிடிக்கிற வேகப்பந்துக்காரன். ஷிப்ட் ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து டிரைவர் எங்களைக் கடக்கும்போது ஐந்து விரலைக் காட்டி முஷ்டியை மடக்கினான். ஐம்பது. பதினோராவது ஆள் ஐம்பது. எனக்கு வயிறு எரிந்துபோயிற்று அத்தான். நம்ம ஊர்க்காரன், ஆஃப் ஸ்பின்னர், இங்கே வந்தவனையெல்லாம் முட்டிபோட வைத்தவன், அங்கே மைதானத்துக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணி கொடுக்கிறான். அவனுக்குப் பதிலாக ஒரு மிதவேகப் பந்துக்காரனை, பேட்டிங்கும் வரும் என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த ஆளின் ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் டெஸ்ட் ஜெயிக்க இருபது விக்கெட் வேண்டும், அந்த இருபதை எடுப்பது யார் என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் மற்ற பெயரை எழுதணும் என்பது ஒரு சின்னப் பிள்ளைக்கும்... சரி, அதை விடுங்கள். நான் மன்னிப்புக் கேட்க வந்தவன்.

எங்கள் லைனில் டில்லிபாபு என்று ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர், வாலாஜாபாத்காரன். நான் கிழக்கு என்றால் அவன் மேற்கு. இட்லிக்குச் சட்னியில் தொடங்கி எதிலும் ஒத்துப்போகமாட்டான். அவன் பதினான்காம் ஸ்டேஷன் பக்கம் வந்து நின்றான். கார் சீட் உறைக்குக் கிளிப் மாட்டும் இடம் அது. மாரிசெல்வியின் இடம். “இன்னா நம்பி, மூஞ்சி இப்டி கீது? அங்க பிட்சு செத்துக் கெடக்குது. நம்ம கடைசி ஜோடியும்தான் நூறு தாண்டிச்சு. உங்க ஸ்பின்னரை இட்டுக்கினு போயி இன்னா பண்ணுவ, பூ பறிப்பியா?” என்றான். செத்த பிட்சில்தான் ஸ்பின்னர் வேண்டும் என்று நான் சொன்னேன். மேகம் மூடினால் பந்து தானே வளையும், வேகம்தான் வேண்டும் என்றான். மூன்று நாளாக மேகம் எங்கே போயிற்று என்றேன். ஸ்பின் போடத்தான் ஏற்கனவே ஒரு இடக்கை ஆள் இருக்கிறானே என்றான். இடக்கையும் வலக்கையும் ஒன்றா, வலக்கை ஆஃப் ஸ்பின் எப்படிக் குதித்து எழும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, வாயால் சொன்னது போதாதென்று, இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து, கையைக் காதோடு ஒட்டி உயரே கொண்டுபோய் ஒரு பந்து போட்டுக் காட்டினேன்.

எங்கள் லைன் முழுக்கத் தலைக்குமேல் ஒரு மஞ்சள் கயிறு ஓடும். வேலையில் கோளாறு என்றால் யாரும் அதை இழுக்கலாம், எட்டாதவர்கள் எம்பி இழுக்கணும். இழுத்தால் லைன் நின்றுவிடும், பாட்டு வரும், எந்த ஸ்டேஷனில் இழுத்ததோ அந்த எண் போர்டில் சிவப்பாக எரியும். நம் குடும்பத்தில் உயரம் எனக்கு மட்டும் வந்து தொலைந்திருக்கிறது. ஆஃப் ஸ்பின் போட்ட என் விரல் கயிற்றில் மாட்டிக்கொண்டது. பாட்டு வந்தது. நாற்பது சீட்டும் அப்படியே நின்றது. போர்டில் பதினான்கு. தொண்ணூற்றாறு நாளாக நிற்காத லைன் அத்தான், நூறாவது நாளுக்கு லட்டு சொல்லிவைத்திருந்தோம். மறுபடி ஓடவிட லைன் லீடர் சாவி வேண்டும். அதாவது என் சாவி. பதற்றத்தில் என் பையில் கையை விட்டால் மூக்குப்பொடி டப்பா வருகிறது, வீட்டுச் சாவி வருகிறது, அது வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் மேனேஜர் பெருமாள்சாமி, கார் கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு, இதுதான் எங்கள் நிற்காத லைன் என்று சொல்லியபடியே உள்ளே வந்தார்.

யார் இழுத்தது என்று கேட்டார்.

இங்கேதான் அத்தான், எழுதக் கை கூசுகிறது. டில்லிபாபு என்னைப் பார்த்தான். மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். எனக்குப் போன வருஷமே ஒரு மெமோ இருக்கிறது. நான் போர்டைப் பார்த்து, “ஸ்டேஷன் பதினாலு சார்” என்றேன். பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கிளிப்பைக் கீழே வைத்துவிட்டு, “கை பட்டுருச்சி சார்” என்றாள். அவ்வளவுதான். நான் சாவியைக் கண்டுபிடித்து லைனை ஓடவிட்டேன். வெட்கங்கெட்டவன், ஓடவிட்டதற்காக நன்றி கூட வாங்கிக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. லைன் நின்றால் எங்கள் கம்பெனியில் “ஏன்-ஏன் தாள்” என்று ஒன்று எழுதணும். ஏன் நின்றது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை கேட்டு அடியில் மூலகாரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் ஸ்டேஷனோ அவர் எழுதணும், லைன் லீடர் கையெழுத்துப் போடணும். பிள்ளை கேன்டீனில் என் எதிரில் தாளை வைத்துக்கொண்டு, “மொத ஏனுக்கு என்ன எழுதட்டும் மாமா?” என்று கேட்டாள். அப்போதாவது எனக்கு வாய் திறந்ததா? கயிறு தாழ்வாகக் கட்டப்பட்டுள்ளது என்று எழுது என்றேன். எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். பெருமாள்சாமி சார் டேப்பை எடுத்து வந்து அளந்தார். கயிறு ஆறடி பத்து அங்குலம். அப்புறம் பிள்ளையைக் கயிற்றுக்கு அடியில் நிற்க வைத்தார். அவள் கையை நிமிர்த்தியும் எட்டவில்லை. “இது கை பட்டதில்லீங்க, குதிச்சு இழுத்தது” என்றார். ஓய்வுக்காக வேண்டுமென்றே லைனை நிறுத்தினாள் என்று அவள் பேரில் எழுதி ஃபைலில் வைத்துவிட்டார். நாளை நேர்முகத்தில் அந்த ஃபைல்தான் மேலே இருக்கும்.

நாச்சியாரிடம் ராத்திரிச் சோற்றுக்கு முன் சொன்னேன். அவள் ரசத்தை மட்டும் ஊற்றிவிட்டு, பொரியலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது நியாயம்தான். இன்று காலையிலிருந்து உட்கார்ந்து உண்மையான ஏன்-ஏன் தாள் ஒன்று எழுதியிருக்கிறேன். லைன் ஏன் நின்றது, நம்பிராஜன் கை கயிற்றில் மாட்டியது. கை ஏன் உயர்ந்தது, ஆஃப் ஸ்பின் போட்டான். ஏன் போட்டான், டில்லிபாபு மறுத்தான். ஏன் மறுத்தான், அவனுக்கு ஐந்தாவது பவுலர் பேட்டிங் செய்தால் போதும். அது ஏன், தேர்வுக்குழுவே அப்படித்தான் நினைக்கிறது. மூலகாரணம்: தகுதியுள்ளவனை வெளியே உட்கார வைத்தது. எழுதிப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் ஒரு ஏனைக்கூட மாற்ற முடியவில்லை. நாளை அவள் நேர்முகத்துக்கு முன் இதை மேனேஜர் கையில் கொடுத்துவிடுவேன். மெமோவோ வேலையோ, போவது என்னுடையதாகப் போகட்டும். இனி இந்த ஜென்மத்தில் டீம் செலக்‌ஷன் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கவலைப்படாமல் இருங்கள், விஷயம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை வணங்கினேன் என்று சொல்லுங்கள். சின்னவனுக்கு என் முத்தம். சாஸ்தா நம் இரண்டு வீட்டையும் ஒரே கண்ணால் பார்த்துக் காக்கட்டும்.

தலைகுனிந்த மைத்துனன்,
நம்பிராஜன்.

பின்குறிப்பு: திங்கள் மாலை. கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. விஷயம் முடிந்தது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். காலையில் மேனேஜர் அறைக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். மேனேஜர்கள் தாளைக் கீழேயிருந்துதான் படிப்பார்கள். மூலகாரணத்தைப் படித்தார், ஐந்தாவது ஏனைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றி, “இது தப்புங்க நம்பிராஜன், இங்கிலாந்துல அஞ்சாவது ஆளு பேட் பண்ணியே ஆகணும்” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன் அத்தான். இருபது விக்கெட் கணக்கிலிருந்து ஆரம்பித்து அரைமணி நேரம். கடைசியில் அவர், சரிங்க, அடுத்த டெஸ்டுக்கு யோசிக்கலாம் என்று, ஏதோ அவர்தான் டீம் எடுப்பவர் மாதிரி, இறங்கி வந்தார். ஜெயித்த சந்தோஷத்தில் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், நேர்முகத்துக்கு வந்த மாரிசெல்வி சர்டிபிகேட் பையோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் அழவில்லை.

“யாரோ ஒரு ஆளுக்காவ அர மணி நேரம் பேசுனீய மாமா. எனக்காவ ஒரு வார்த்த வரல்லியே” என்றாள்.

உள்ளே திரும்பிப் போனேன். உட்காரவில்லை. நான்தான் சார் இழுத்தேன் என்றேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது, மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு மெமோ வந்தது, லைனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைக்கு வேலை நிரந்தரம், மத்தியானமே கையெழுத்தாகிவிட்டது. ஆவணிப் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. போனில் அவளிடம், மாமாதானே, விட்டுடு என்று நீங்கள் சொல்ல வேண்டாம் அத்தான்.