தனகோடியின் மொட்டை மாடி

எவ்வளவு உயரத்தில் ஏற்றிவிட்டாலும் தன் வீட்டைத் தேடுகிற ஒரு ரக மனிதர் உண்டு. பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் என்ன, தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஜனங்களுக்குக் காடு தெரியட்டும், மலை தெரியட்டும் என்று சர்க்கார், பாவம், அறுபது படி வைத்துக் காட்சிக் கோபுரம் கட்டுகிறது. இவரோ மூச்சு வாங்க ஏறி வந்து, ஜவ்வாது மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் தானே பூட்டிவிட்டு வந்த வீட்டைத் தேட ஆரம்பிப்பார். வீடு எங்கே ஓடிவிடும்?

ஆரணிப் பட்டு வியாபாரி தனகோடி இந்த ரகத்தில் அசல். எண்பத்து மூன்றாம் வருஷம், மகள் தேவகிக்கு மூன்று வரன் தட்டிப்போய், நாலாவது இடத்துக்காரர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்த அன்று, குடும்பத்தோடு படவேட்டு அம்மனைக் கும்பிட வந்தார். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் வீடு. அதை விட்டால் ராத்திரி எட்டுக்குத்தான். அவருக்கும் இது தெரியும். ஆனாலும் மலையடிவாரத்தில் காட்சிக் கோபுரத்தைக் கண்டதும் கால் நிற்கவில்லை. "பத்தே நிமிஷம், ஜல்தியா பாத்துட்டு எறங்கிடலாம்" என்று மனைவி கிருஷ்ணம்மாளையும் தேவகியையும் மைத்துனன் துரையையும் மேலே இழுத்துக்கொண்டு போனார்.

"அதோ ரெண்டு பனைமரம் தெரியுதா? அதுக்கு நடுவால வெள்ளையா ஒண்ணு? அதான் நம்ம மொட்டை மாடி!"

துரை விவரமானவன். "தெரியுது மாமா" என்றான். இப்படிச் சொல்லித் தப்பிக்கிறவர்களைப் பாவம் என்று நினைக்காதீர்கள். இவர்கள் கொடுக்கிற தைரியத்தில்தான் தனகோடிகள் கோபுரம் கோபுரமாக ஏறுகிறார்கள்.

"அப்பா, இந்தப் பக்கம் மான் போவுதுப்பா!" என்றாள் தேவகி.

"மானை எப்ப வேணா பாக்கலாம். மொதல்ல வூட்டப் பாரு."

கிருஷ்ணம்மாளுக்குப் பொய் வராது. "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. ஆரணி எங்க கெடக்குது, நாம எங்க நிக்கிறோம்? பஸ்ஸுக்கு நேரமாவுது."

வந்ததே கோபம் அவருக்கு! தான் கட்டிய வீடு கட்டிய மனைவிக்கே தெரியவில்லை என்றால் மானம் என்ன ஆவது? அவளை இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார், கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்கிற ஆளே தெரியாத அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு "கொடியில செவப்புப் பொடவை காயுது பாரு" என்று துணி உலர்த்துகிற வரைக்கும் போய்விட்டார்.

"இன்னா பேஜாரு இது? தெரியலைன்னா தெரியலை!"

அப்போது கீழே ஹாரன் கேட்டது. மரங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆரணி பஸ் போய்க்கொண்டிருந்தது. அது எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. தேவகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கிருஷ்ணம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "ஏங்க, உங்களுக்குத்தான் வூடு தெரியுதே. வாசல்ல மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து நின்னுகினு இருக்காங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

தனகோடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புருவத்துக்கு மேல் கையை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"இன்னும் யாரும் வரலை" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கடைசியாக நீங்கள் ஏறி நின்ற இடத்தில் மலை எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.