மூன்று தசம் ஆறும் ஒரு பச்சை ரிப்பனும்

பள்ளிக்கூடத்தில் எடுத்த மதிப்பெண்ணைப் பெயருக்கு முன்னால் சொல்லிக் கைகொடுக்கிற ஆள் இந்த ஜெர்மனி முழுவதிலும் ஒருத்திதான். மதிப்பெண்ணைச் சொன்னபின் பெயரைச் சொல்ல அநேகமாக மறந்துவிடுவாள். அதனால் அவளுடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, மதிப்பெண் எல்லோருக்கும் தெரியும். மூன்று தசம் ஆறு. தசம் என்றால் எங்கள் தமிழில் எண்ணுக்கு நடுவில் வைக்கிற புள்ளி. கூப்பிடுவதற்கு நீளமாக இருந்ததால் நாங்கள் அவளைத் தசம் என்று சுருக்கிக்கொண்டோம்.

இந்த ஊர்ப் பரீட்சைக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் கேக் வாங்கிவிடுவீர்கள். இங்கே பள்ளி இறுதிச் சராசரியில் ஒன்று என்றால் உச்சி. நாலு என்றால் கடைசிப் படி, அதற்குக் கீழே தரை. எண் ஏற ஏற ஆள் இறங்கிக்கொண்டிருப்பார். தசம் அப்படி இறங்கி இறங்கி மூன்று தசம் ஆறில் வந்து நின்று, அங்கிருந்து தெரிகிற காட்சியை ரசித்துக்கொண்டிருந்தவள்.

கேக் கதை இதுதான். தசத்தின் வீடு டோர்ட்மண்டில். முடிவு வந்த அன்று கனடாவிலிருந்து பெரியம்மா போன் எடுத்து, பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். அம்மா பொய் பேசாதவர். மூன்று தசம் ஆறு என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். கனடாவில் நாலுக்கு நாலு எடுத்தால் மேதை, மூன்று தசம் ஆறு எடுத்தால் மேதைக்குப் பக்கத்து வீடு. பெரியம்மா போனிலேயே ஆனந்தக் கண்ணீர் விட்டு, அம்மா விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் விமான டிக்கெட்டும் போட்டுவிட்டார். பிறகு விளக்க அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. மண்டபம் பிடித்தார்கள். மட்டன் ரோல்ஸ் வந்தது. மேசை நடுவில், நீல ஐசிங்கில் 3.6 என்று முழ நீளத்துக்கு எழுதிய கேக் வந்தது.

வந்திருந்த டோர்ட்மண்ட் சனம் பிள்ளைகளை இங்கேயே படிப்பித்தவர்கள். அவர்கள் கேக்கைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். யாரோ தசத்திடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"வந்த எல்லாருக்கும் நன்றி. ஆனா பெரியம்மா, இது கனடாக் கணக்கில்லை. இஞ்ச ஒண்டுதான் திறம். நாலு எண்டால் மட்டுமட்டு. நான் ஒரு மாதிரித் தப்பிப் பிழைச்சனான்."

மண்டபத்தில் ரோல்ஸ் கடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது. "அப்ப இந்தக் கேக்?" என்றார் பெரியம்மா.

"கேக் நல்ல வடிவாயிருக்கு, பெரியம்மா. வெட்டுவமோ?"

வெட்டினார்கள். பெரியம்மாதான் இரண்டு துண்டு சாப்பிட்டாராம்.

இந்தக் கதையை அவள் எனக்குச் சொன்னது ஹனோவரில். நான் அப்போது ஒரு மாணவிகள் சங்கத்தின் வீட்டில் இருந்தேன். பழைய பெரிய வீடு, வாசலில் ஒரு எலுமிச்சை நிறப் பூப்பூக்கும் மரம், உள்ளே ஒன்பது பெண்கள். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஆளுக்கொரு பச்சை ரிப்பன் போடுவோம். புதிதாகச் சேருபவளுக்கு முதல் வருடம் முழுக்க 'நரி' என்று பெயர். நான் நரியாக இருந்து மனுஷியாகி மூன்று வருடமாகியிருந்தது. என்னுடைய சராசரி ஒன்று தசம் இரண்டு. இதை இங்கே சொல்லவேண்டிய அவசியமில்லைதான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குப் பிறந்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு காலை, ஹனோவருக்குப் படிக்க வந்த தசத்துக்கு ஊர்ப்பதிவு அலுவலகத்தில் டெர்மின், முன்பே நேரம் குறித்த சந்திப்பு. டிராமில் வந்தவள் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டே நாலு நிறுத்தம் தாண்டிவிட்டாள். இறங்கிய இடத்தில் ஈஸ்ட் மா வேகிற மணம் வந்திருக்கிறது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கே வந்து சேர்ந்தாள். சங்கத்துக்குத் தலைவி கார்லா, சட்டம் படிப்பவள், வீட்டின் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவள். அவளிடம்தான் தசம் முதலில் கையை நீட்டி மூன்று தசம் ஆறு என்றாள். நான் பாண் துண்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மறைக்கிற அளவுக்கு அந்தத் துண்டு பெரிதாக இல்லை.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"நான் மூண்டு தசம் ஆறு."

"கேட்டது. கொஞ்சம் மெல்லக் கதையும். இதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்லுறீர்?"

"முதலே சொல்லிப்போட்டால், பிறகு ஆக்கள் கண்டுபிடிச்சு முகம் மாறுறதைப் பாக்கத் தேவையில்லை அக்கா."

பட்டரை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

சேர விரும்புகிறவர்கள் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், விருந்தாளியாக இருந்து பார்க்கலாம் என்பது வழக்கம். தசம் மாடியில் துணி காயப்போடுகிற அறையில், கூரை ஜன்னலுக்கு நேர்கீழே படுக்கையைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டின் நிலைமை மாறிவிட்டது. காலையில் கோப்பியை ஊற்றிக்கொண்டு முதல்நாள் கனவை எல்லோருக்கும் சொல்வாள். அம்மாவின் தையல் மெஷினில் ஏறி ஏரியைக் கடந்தது, லிஃப்ட்டுக்குள் மழை பெய்தது, எல்லாம் வரும். சொல்லி முடித்துவிட்டு, "நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று மற்றவர்களைக் கேட்பாள். அந்த வீட்டுப் பெண்கள் அதுவரை கனவே கண்டதில்லை. கண்டாலும் முன்கூட்டியே டெர்மின் எடுத்துத்தான் கண்டிருப்பார்கள்.

மூன்றாவது கிழமை கார்லா கலைந்த தலையோடு இறங்கிவந்தாள். கலைந்த தலையோடு அவளை நான் பார்த்ததே அதுதான் முதல் தடவை. "நான் ஒரு தபால் நிலையமாக இருந்தேன்," என்றாள் மெதுவாக. "எனக்குள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்." யாரும் சிரிக்கவில்லை. தசம் அவளுக்கும் கோப்பி ஊற்றினாள்.

தசம் படிக்க வந்தது நில அளவை. அவளுடைய எண்ணுக்குக் கதவு திறந்த படிப்புகளில் அதுவும் ஒன்று. ஆற்றங்கரைப் புல்வெளியில் செய்முறை வகுப்பு நடந்த அன்று, கூட்டாளிகள் இருவர் கம்பைப் பிடித்துக்கொண்டு பனிமூட்டத்தில் நின்றார்கள். இவள் அளவைக் கருவியில் கண்ணை வைத்தவள் அரை மணிநேரம் எடுக்கவில்லை. விரிவுரையாளர் வந்து என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறார். "கொக்கு வரைக்கும் நாற்பத்திரண்டு மீட்டர்," என்றாளாம். "ஆனால் இப்போது அது பறந்துவிட்டது." கம்பு பிடித்த இரண்டு பேருக்கும் தடிமனும் தும்மலும் பிடித்தது.

ஒருநாள் மாடியில் அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "ஞாயிற்றுக்கிழமை என்னை நரியாச் சேர்க்கினமோ எண்டு தெரியும், அம்மா." அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "நீ படிக்கவெல்லோ போனனீ, பிள்ளை?"

போனை வைத்ததும், ஏன் இந்தச் சங்கத்தில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். அறைதான் வேண்டுமென்றால் வேறெங்கும் தேடலாமே.

அவள் கூரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க போனாலும் நம்பரைப் பாத்துப்போட்டுக் கதையை முடிச்சிடுவினம், அக்கா. இஞ்ச நம்பரைச் சொன்னாப் பிறகும் கனவைக் கேட்டவை."

இதைக் கேட்டபின்னும் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்திய முதல் மெழுகுதிரி ஏற்றும் ஞாயிறு, பிற்பகல். ஒன்பது பேரும் ரிப்பனோடு நீள மேசையைச் சுற்றி இருந்தோம். தசம் மேசையின் கடைசியில், ஜன்னல் பக்கமாக இருந்தாள். கார்லா விதியை வாசித்தாள். சராசரி இரண்டரைக்கு மேல் போனால் வாக்கெடுப்பே கிடையாது. ஒரே ஒரு வழி, யாராவது ஒருத்தி தன் ரிப்பனைக் கழற்றி வைத்து அவளுக்குப் பொறுப்பு நிற்கவேண்டும். புதியவள் முதல் பரீட்சையில் தவறினால் இருவரும் வீட்டைவிட்டுப் போகவேண்டும். கழற்றிய ரிப்பன் திரும்பி வரும்வரை பொறுப்புத் தீராது.

வாசித்துவிட்டுக் கார்லா நிமிர்ந்தாள். எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள், அந்த வீட்டில் இருந்த மற்றத் தமிழ்ப்பிள்ளை நான்தானே. எனக்கு இறுதி ஆய்வு பாதியில் நின்றது. இந்த அறையை விட்டால் ஹனோவரில் வேறு அறை கிடைக்காது. அந்தக் கொக்கும் நினைவுக்கு வந்தது. ஆனால் உண்மையான காரணம் இவை ஒன்றுமில்லை. என்னுடைய ஒன்று தசம் இரண்டை அவளுடைய மூன்று தசம் ஆறுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. குனிந்து மேசைவிரிப்பின் பூக்களை எண்ணத் தொடங்கினேன்.

தசம் யாரையும் பார்க்கவில்லை. "ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று கார்லா கேட்டாள். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் அவள் திரும்பினாள். திரும்பியதும் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, அங்க பாருங்கோ. பனி கொட்டுது."

மற்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அவள் விரல் நீட்டிய பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அந்த வருடத்தின் முதல் பனி. இலை உதிர்ந்த மரத்துக்கு மேலே, அவசரமே இல்லாமல், பெரிய பெரிய பூக்களாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் எழுந்து ஜன்னலடிக்குப் போனோம். ஒருத்தியின் மூச்சில் கண்ணாடி மங்கும், இன்னொருத்தி கையால் துடைப்பாள், அவ்வளவுதான். தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் அவள் எங்களுக்குச் சொல்லவிரும்பியது அது ஒன்றைத்தான்.

பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கார்லா தன் ரிப்பனைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற அதே கார்லா. அடுத்து இன்னொருத்தி கழற்றினாள். பிறகு வரிசையாக எல்லோரும். விதிப்படி ஒன்று போதும், எட்டு விழுந்துவிட்டது. ஒன்பதாவது என்னுடையது. ஆகக் கடைசி.

தசம் அந்தப் பச்சைக் குவியலைப் பார்த்தாள். "எல்லாரும் ஏன் கழட்டினவை, அக்கா? வாக்கெடுப்பு முடிஞ்சுதோ?" என்று என்னிடம் கேட்டாள். விதி வாசித்த முழு நேரமும் அவள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெப்ரவரியில் பரீட்சை. வீடே நில அளவை படித்தது. பல் விளக்கிக்கொண்டே கோணம் கேட்பாள் ஒருத்தி, சூப்பைக் கிண்டிக்கொண்டே உயரம் கேட்பாள் இன்னொருத்தி. சட்டம் படித்த கார்லா இன்றைக்கும் ஒரு வயலை அளந்து தருவாள். முடிவு வந்த அன்று தசம் சமையலறைக்கு வந்து எல்லோருக்கும் கைகொடுத்து, "மூன்று தசம் ஏழு," என்றாள். முன்னேற்றம் என்று சொல்லமுடியாது. நாங்கள் கேக் வாங்கினோம், அதே நீல ஐசிங்கில். பெரியம்மாவுக்குப் படம் அனுப்பினோம். இந்தத் தடவை கணக்குத் தெரிந்தே வாழ்த்தினார்.

இப்போது தசம் ஆறுகளை அளக்கிற வேலையில் இருக்கிறாள். நான் ஹம்பேர்க்கில். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பிரதான நிலையத்தில் காத்திருப்பேன், ரயில் வரும், அவள் இறங்கமாட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் வரும். "அக்கா, நான் கடைசி ஸ்டேஷனில நிக்கிறன். தண்ணியைப் பாத்தனான், இறங்க மறந்திட்டன்."

பரீட்சை முடிந்த கிழமையே எட்டு ரிப்பன்களைத் தோய்த்து மடித்து எட்டுப் பேருக்கும் திருப்பிக் கொடுத்தாள். என்னுடைய ஒன்பதாவதை ஏதோ புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்தவள், எந்தப் புத்தகம் என்று மறந்துவிட்டாள். "அடுத்தமுறை கட்டாயம் கொண்டு வாறன், அக்கா," என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ரிப்பன் திரும்பி வரும்வரை பொறுப்புத் தீராது என்று கார்லா வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் நான் இப்போதெல்லாம் அதைக் கேட்பதில்லை.