கோபுரத்தில் உட்கார்ந்த புறா

அந்த நாட்டின் பெயர் புறவநாடு என்றுதான் நினைக்கிறேன். சட்ட அமைச்சரின் மாளிகைக் கோபுரம் ஏழு நிலையா, ஒன்பது நிலையா என்பதும் இப்போது உறுதியாக நினைவில்லை. ஆனால் புறாக்கள் நடந்து போனதை நான் மறக்கவில்லை.

அங்கே வியாபாரமெல்லாம் புறா வழியாக நடந்தது. வேண்டியதை ஓலை நறுக்கில் எழுதிப் பறக்கவிட்டால், புறாவின் காலில் கட்டிய பையில் சரக்கு வந்து சேரும். ஆற்றுக்கு இக்கரையில் செங்கமலம் என்பவள் மோர்மிளகாய் விற்று இரண்டு பெண்களை வளர்த்துவந்தாள். ஒன்பது ஊர்களில் அவளுக்கு வாடிக்கைக்காரர்கள். பைக்கு இருபது மிளகாய், கொசுறாக ஒன்று.

அக்கரையிலிருந்து கூத்தபிரான் என்ற பள்ளி வாத்தியார் ஒருநாள் எழுதினார்: "செங்கமலம், போன தடவை ஒரு மிளகாய் என் மருமகன் மாதிரியே இருந்துது. உறைப்பே இல்லை. அடுத்த தடவை கொசுறை ரெண்டாப் போடும்மா."

ஓலையோடு கிளம்பிய புறா, எல்லாப் புறாக்களையும் போல, வழியில் அமைச்சரின் கோபுரத்தில் இளைப்பாறியது. காவலர்கள் ஓலையைப் பிரித்தார்கள். அமைச்சர் அளகேசர் அதை மூன்று முறை படித்தார்.

"இது வேடிக்கைப் பேச்சல்ல. குடிமகன் ஒருவன் உறைப்பை இழந்திருக்கிறான்" என்றார்.

முதல் சட்டம் வந்தது. ஒவ்வொரு பையோடும் நாற்பது ஓலை நிபந்தனைகளைக் கட்டி அனுப்ப வேண்டும். வாங்குபவர் 'படித்தேன்' என்று கைநாட்டு வைக்க வேண்டும். யாரும் படிக்கவில்லை. சுமை தாங்காமல் புறாக்கள் ராஜபாட்டையில் வரிசையாக நடக்கத் தொடங்கின. நடப்பவை பறவைகள் ஆகா என்று அவற்றிடம் சுங்கம் கேட்டார்கள்.

இரண்டாவது சட்டத்தின்படி, கடை வைத்திராத ஊருக்கு யாரும் சரக்கு விற்கக் கூடாது. செங்கமலத்துக்கு ஒன்பது கடைகள் வேண்டியிருந்தன. இருந்தது ஓர் அடுப்படி. மிளகாய் பானைகளில் தங்கிவிட்டது. பெண்கள் இருவரும் கஞ்சிக்கு அதையே கடித்துக்கொண்டார்கள்.

பிறகு நீதி மண்டபத்தில் விசாரணை நடந்தது.

"விற்பனை எங்கே நிகழ்ந்தது?" என்றார் அளகேசர்.

"என் அடுப்படியிலதான் ஐயா" என்றாள் செங்கமலம்.

"எனக்கு வழக்கே வேண்டாமுங்க. சும்மா கேலிக்கு எழுதினேன்" என்றார் வாத்தியார்.

"வழக்கு உமக்காக நடக்கவில்லை."

அமைச்சர் சட்ட ஓலைகளைப் புரட்டினார். பிறகு சொன்னார்: "புறா வழியில் எங்கே உட்காருகிறதோ அதுவே கடை. அந்த இடத்துக்கு உரியவரே வியாபாரி. குறைக்கு ஈடாக அவர் உறைப்பான மிளகாய் ஒன்றை உடனே தரவேண்டும். இது தீர்ப்பு. மூன்றாவது சட்டமும் இதுவே."

எழுத்தர் எழுதி முடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "புறா உட்கார்ந்தது தங்கள் கோபுரத்தில், பிரபு."

தீர்ப்பைத் திரும்பப் பெறும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை.

"அம்மா, உறைப்பான மிளகாய் ஒன்று எனக்குக் கிடைக்குமா?" என்றார் அமைச்சர்.

"தாராளமாக் கிடைக்கும் ஐயா. ஆனா உங்க ஊர்ல எனக்குக் கடை இல்லீங்களே."

வாத்தியார் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாளே நான்காவது சட்டம் வந்தது. கோபுரம் வைத்திருப்பவர்கள் பறவைக்கு இளைப்பாற இடம் தருபவர்கள் மட்டுமே. அவர்கள் எதற்கும் பொறுப்பல்லர். முந்தைய மூன்று சட்டங்களும் அவர்களைக் கட்டுப்படுத்தா. நாட்டில் கோபுரம் இருந்தது அமைச்சருக்கும் அவருடைய நண்பர்கள் மூவருக்கும்தான். ஆனால் அவசரத்தில் கோபுரம் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

அன்று மாலை செங்கமலம் கூரைமேல் ஒரு மூங்கில் கழியை நட்டாள். சோதிக்க வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

"என்ன இது?"

"கோபுரமுங்க."

"எத்தனை நிலை?"

"ஒரே நிலை. ஒரு புறா உக்காரலாம்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் ஊரெல்லாம் கழிகள் முளைத்தன.

அளகேசர் முதன்மை அமைச்சரானார். வாத்தியாருக்கு இரண்டு கொசுறு போய்ச் சேர்ந்தது. செங்கமலத்தின் பெண்கள் இப்போது பன்னிரண்டு ஊர்களுக்கு மிளகாய் அனுப்புகிறார்கள். உறைப்பில்லை என்று யாராவது எழுதினால், யாரும் சொல்லாமலே மாற்றித் தருகிறார்கள். புறாக்கள் மீண்டும் பறக்கின்றன. நான்கு சட்டங்களும் இன்றும் நடைமுறையில் உள்ளன. நீதி மண்டபத்தின் கூரையில் மட்டும் யாரும் கழி நடவில்லை. அதனால் நாட்டிலேயே அந்தக் கட்டடம் ஒன்றுதான் அந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது.