நேனே முகர்ந்த கார்

மொரீஷியஸ் தீவில் கார் வைத்திருந்தவர்களின் குடும்ப ரகசியம் அத்தனையும் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் நேனேதான். கிரியோலில் நேனே என்றால் மூக்கு. தீவின் சுதந்திரத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, அறுபத்தாறில், காத்ர் போர்ன் ஊரில் ஒரு கராஜில் நான் குமாஸ்தா. அங்கே கார் கழுவுவது அவர் வேலை. ஆனால் ஊரார் காரைக் கொண்டுவந்தது கழுவ அல்ல, முகரவைக்க.

எங்கள் மேட்டுப் பகுதியில் மழைக்கு ஓய்வே கிடையாது. கண்ணாடியை ஏற்றியே வைத்திருப்பதால் எந்தக் காருக்குள் போனாலும் நனைந்த கோணிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். நேனே காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடி ஐந்து நிமிஷம் உட்காருவார். ஒரு தடவை தெருவில் போன அம்மாள் ஒருத்தி, உள்ளே பிணம் இருக்கிறது என்று கத்திவிட்டாள். நேனே கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மாள் இன்னும் பலமாகக் கத்தினாள்.

கோயில் கமிட்டியில் இருந்த ஒரு வாத்தியார், காவடி விரதத்தின் நடுவில் காரைக் கொண்டுவந்தார். நாங்கள் பேசுவது கிரியோல்தான். விரதம், கோயில் என்று வந்தால் தமிழ் தானாக வந்துவிடும்.

"முசியே, சீட்டுக்கு அடியில கருவாடு," என்றார் நேனே. முசியே என்பது எங்கள் ஊர் 'ஐயா'.

"ஐயோ! நான் விரதம்!"

"நீங்க விரதம். கார் விரதமில்ல."

சீட்டைத் தூக்கினால், காகிதத்தில் சுற்றிய கருவாடு! வாத்தியார் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. "வாயை மூடிக்கிட்டு முகர்ந்து பாரேன்," என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

கசக்கிய செய்தித்தாள், காப்பித்தூள், வினிகர், வெயில். இவைதாம் நேனேயின் மருந்துகள். வாசனைத் தண்ணீரை மட்டும் தொடவிடமாட்டார். "நாத்தம் மேல வாசனை ஊத்தினா ரெண்டு நாத்தம்," என்பார்.

அப்போதுதான் பாம்பூ என்ற ஊர்ப்பக்கத்துக் கரும்புத் தோட்ட மானேஜர் ஒரு பெரிய காரை வரவழைத்தார். உள்ளே குளிர்காற்று வருமாம்! ஆளுக்கு ஒரு தடவை கையை நீட்டிப் பார்த்துக்கொண்டோம். குளிர் வந்தது உண்மை. கூடவே ஈர நாய் வாடையும் வந்தது. அன்று நேனே விடுப்பு. "பெரிய இடம், காத்திருக்க மாட்டாங்க," என்று முதலாளி என் கையில் யூடிகோலன் என்ற வாசனைத் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். காற்று வரும் துவாரத்தில் பாதியை ஊற்றினேன். நல்ல மணம். பெருமையாகக் கூட இருந்தது.

மூன்றாம் நாள் கார் திரும்பி வந்தது. இப்போது அது சென்ட் பூசிய ஈர நாய். மானேஜரின் மனைவி வழியிலேயே வாந்தி எடுத்துவிட்டாளாம். நேனே தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் ஒரு ரப்பர் குழாயைக் கம்பியால் குத்தினார். கரும்புச் சருகும் சேறும் கொழகொழவென்று விழுந்தன. பின்னாலேயே ஒரு பேசின் கறுப்புத் தண்ணீர்.

"குளிர்ற பெட்டிக்கு வேர்க்கும், முசியே. வேர்வை வெளிய போக இந்தக் குழாய்தான் வழி. அடைச்சா உள்ளயே நாறும்," என்றவர், பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "பிசுபிசுன்னு இருக்கே! யார் யூடிகோலன் ஊத்தினது?"

மானேஜர் முகம் சிவந்து முதலாளியைப் பார்த்தார். முதலாளி கொஞ்சமும் தயங்காமல் நேனேயைக் காட்டினார். "இவன்தான். தானே ஊத்திட்டு யாருன்னு வேற கேக்கறான்."

நேனே என்னைப் பார்த்தார். என் கைக்குட்டையில் யூடிகோலன் மணம் இன்னும் போகவில்லை. அவருக்கா தெரியாது? நான் மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

"இந்த ஆள் இனி இங்கே இருக்கக் கூடாது," என்றார் மானேஜர். அவ்வளவுதான். நேனே கையைக் கழுவினார். வாசல்வரை போனவர் திரும்பினார். என்னைக் காட்டிக்கொடுக்கப்போகிறார் என்று கைக்குட்டையைப் பைக்குள் திணித்தேன்.

"முசியே, வீடு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி குளிரை நிறுத்திட்டு வெறுங்காத்தை மட்டும் ஓடவிடுங்க. பெட்டி காஞ்சிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஊரான பீனிக்ஸில் நேனே டாக்சிகளைக் கழுவிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரப் பயணம். இந்த ஞாயிறு போய்ப் பார்க்கலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

பிறகு ஒரு காவடியன்று கூட்டத்தில் அவரே எதிரே வந்தார். இளைத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"அண்ணே, அன்னிக்கு நான்..."

"விடு தம்பி. உனக்கு அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. எனக்கு யாரு இருக்கா? அதான் பேசாம வந்துட்டேன்." என் தோளைத் தட்டினார். "பொஞ்சாதி சுகமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். காவடிகள் நெருக்கித் தள்ள, அவர் போய்விட்டார். அதன்பின் அவரை நான் பார்க்கவே இல்லை.

அன்று எங்கள் வீட்டில் காவடிக்கு வழக்கமான ஏழு காய்கறிக் குழம்பு சமைத்திருந்தார்கள். "வாங்கண்ணே, சாப்பிட்டுப் போகலாம்" என்று ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. இப்போதும் ஒவ்வொரு காவடியன்றும் இலை போட்டதும், வாசலுக்குப் போய்த் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறேன்.