ஊஞ்சலண்ணனும் ஐந்தாவது வரியும்

மாத்தளை மாவட்டத்திலேயே வேலை நேரத்தில் ஒரு கொட்டாவிகூட விடாத மனிதர் ஊஞ்சலண்ணன்தான். அவரைத்தான் தூங்குகிறார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு நானே காரணம்.

எல்கடுவைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர். டவுனில் ஒரு மிளகு ஸ்டோருக்குக் கேட் காவல். பிறந்ததிலிருந்தே அவர் கண்மணிகள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும்; அந்தப் பெயரும் அதனால்தான். பார்வையை நிறுத்தத் தலையையும் சேர்த்து ஆட்டுவார். கதிரை கொடுத்தால் சோற்றுப் பார்சலை அதில் உட்கார வைத்துவிட்டு, தான் நிற்பார். லொறிக்கு சல்யூட் அடிப்பார். ஒருநாள் லொறியில் வந்த ஆட்டுக்கும் அடித்தார்.

"அண்ணே, அது ஆடு!"

"உள்ள வர்றது யாரா இருந்தா என்ன தம்பி? மரியாத மரியாததான்."

புதிதாக வந்த மனேஜர் மேல்மாடி ஜன்னலிலிருந்து இரண்டு நாள் பார்த்தார். "காலையிலேயே தூங்கி விழுறான். டொக்டர் துண்டு கொண்டு வா, இல்லாட்டி வேலையிலருந்து நின்டுக்க" என்றுவிட்டார்.

கிளினிக் டொக்டர் துண்டில் 'நிஸ்டாக்மஸ்' என்று ஒரே சொல்லை எழுதினார். அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். லயத்துக் கடிதமெல்லாம் என் கையால்தான்.

"மனேஜருக்குப் புரியிற மாதிரி நாலு வரி எழுது தம்பி."

நாலு வரி எழுதினேன். இது பிறவியிலேயே உள்ள கண் அசைவு, தூக்கமல்ல என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். போனில் தேடி ஐந்தாவது வரியும் சேர்த்தேன்: "இச்சொல், தூக்கத்தில் தலை சாய்ந்து விழுவதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஆகவே ஐயா தவறாக நினைத்ததும் இயல்பே." எவ்வளவு பண்பான வரி என்று எனக்கே பெருமை.

கடிதத்தோடு நானும் கூடப் போனேன். மனேஜர் அந்த வரிக்கு மட்டும் சிவப்பில் கோடு போட்டார்.

"தூக்கம்னு நீயே எழுதியிருக்கியே?"

"சேர், அது சொல் வந்த வழி. கண்ணுல உள்ள வருத்தம் வேற."

"எந்த வழியா வந்தா என்ன? பொறப்பட்ட எடம் தூக்கம்தானே?"

அண்ணன் அவருக்கும் ஒரு சல்யூட் அடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பஸ்ஸில் அவர் டிக்கெட்டுக்கும் நானே காசு கொடுத்தேன். "என்னாலதான் அண்ணே."

"அட போ தம்பி! எங்கண்ணுக்குக் கிரேக்கத்துல பேரு இருக்குன்னு இத்தன வருஷத்துல ஒருத்தன் சொன்னானா?"

இன்றுவரை வேறு வேலை கிடைக்கவில்லை. சிவப்புக் கோட்டோடு அந்தக் கடிதத்தை லெமினேட் செய்து கேட் கேட்டாக ஏறி இறங்குகிறார். எல்லோரும் ஐந்தாவது வரியைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். வேறு எழுதித் தருகிறேன் என்று கெஞ்சியும் வாங்க மாட்டார்.

போன வாரம் பல்லேபொலப் பக்கம் ஒரு கேட்டில் காட்டினாராம். "இத யாரு எழுதினது?" என்று சிரித்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுப் புள்ள" என்றாராம்.