மாமாவின் இரும்புத் தோட்டா

வீட்டில் ஒரு பெண் உலோகவியல் படித்தால் எல்லோரும் அவளிடம் ஆலோசனை கேட்பார்கள். கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்வார்கள். விளைவுக்கு மட்டும் அவள் பொறுப்பு. இன்று நினைத்தாலும் எனக்குக் கொதிக்கிறது. ஆனாலும் நிதானமாகவே எழுதுகிறேன்.

என் தாய்மாமா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபிறகு பங்காருபேட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கித் தக்காளி போட்டார். தக்காளிக்குக் காட்டுப்பன்றி வந்தது. பன்றியை மிரட்ட, லைசென்ஸோடு ஒரு பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி வந்தது. (பன்றிகள் இன்றுவரை நலம்.)

ஒருமுறை கடையில் இரண்டு வகைத் தோட்டா இருந்திருக்கிறது. ஒன்றின் அடியில் மாட்டியிருக்கும் உலோகத் தொப்பி பித்தளை, இன்னொன்றில் இரும்பு. எதை வாங்குவது என்று மாமா எனக்குப் போன் செய்தார். பெங்களூரு ரயிலில் நின்றபடியே காரணங்களை வரிசையாகச் சொன்னேன். (தோட்டா, மருந்து என்று நான் பேசியதைக் கேட்டு ஒருவர் எழுந்து எனக்கு இடமே கொடுத்துவிட்டார்.) ஒன்று, சுட்டதும் தொப்பி விரியும். பித்தளை உடனே சுருங்கிக்கொள்ளும், இரும்பு அவ்வளவாகச் சுருங்காது. இரண்டு, புதுத் துப்பாக்கிக்கு இரும்பும் பரவாயில்லை. உங்களுடையதில் உள்ளே துரு அரித்திருக்கிறது, தொப்பி குழலைக் கவ்விக்கொள்ளும். மூன்று...

"இன்னாம்மா நீ! இரும்பு ரோப்புல தொங்குற கேஜ்லதான் அத்தினி வருஷம் சுரங்க ஷாஃப்ட்டுல எறங்குனோம். பித்தளைய நம்பி எவனாவது எறங்குவானா? அது கொடத்துக்குத்தான் லாயக்கு!"

மூன்றாவது காரணம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

இரும்பையே வாங்கினார். பன்றியை மிரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டார். தொப்பி உப்பிக்கொண்டது. துப்பாக்கியை மடக்கித் திறக்கவே முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் துப்பாக்கியைக் காலி செய்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் லைசென்ஸ் போய்விடும். மாமா கடைசி நாள்வரை இழுத்தடித்துவிட்டு, "நீதான படிச்சவ, நீயே வந்து சொல்லு" என்று என்னைக் கூட்டிப் போனார்.

ஏட்டு திறக்கப் பார்த்தார். அசையவில்லை.

"இன்னா பெரியவரே, உள்ள தோட்டா இருக்குதா?"

"இருக்குது சார். ஆனா இல்ல." மாமா என்னைக் காட்டினார். "இவ செலக்ட் பண்ணதுதான் சார். இன்ஜினியரு."

என் நிதானம் அங்கேதான் செத்தது.

"நானா செலக்ட் பண்ணேன்? பித்தளை, பித்தளைன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன்ல?" என்று கத்திக்கொண்டே மேஜைமேல் இருந்த துப்பாக்கியை எடுத்தேன். "சார், இது சுட்டு முடிச்ச வெறும் கூடு. மருந்து இல்ல, ரவை இல்ல. பாருங்க!"

'பாருங்க' என்று சொல்லும்போது குழல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை வரிசை போட்டுப் பேசும் என் மூளை யோசிக்கவே இல்லை.

ஏட்டு மேஜைக்கு அடியில். கான்ஸ்டபிள்கள் பீரோவுக்குப் பின்னால். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்த ஒருவர் தானாகவே லாக்கப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேஜைக்கு அடியிலிருந்து, "கெளகே இடம்மா! கீழ வையி தாயே!" என்று கன்னடத்திலும் தமிழிலும் கெஞ்சல் வந்தது. மாமாவைத் தேடினேன். பெஞ்சுக்கு அடியில் இருந்தார். (காலி என்று தெரிந்த மனுஷன்!)

கோலாரிலிருந்து ஆயுதம் பழுதுபார்ப்பவர் வந்து, துப்பாக்கியை நெம்பித் திறந்து, குழல் வழியே மரக்குச்சி விட்டுத் தட்டினார். கூடு தெறித்து விழுந்தது. லைசென்ஸ் பிழைத்தது. அவர் கூட்டை உருட்டிப் பார்த்துவிட்டு, "பழைய துப்பாக்கிக்கு எவன் இரும்பு வாங்கச் சொன்னது?" என்று கேட்டார்.

மாமா உட்பட ஸ்டேஷனே என்னைப் பார்த்தது.

போன மாதம் தம்பியின் நிச்சயதார்த்தம். சாப்பாட்டுப் பந்தியில் ஏதோ தகராறு. "நான் அப்பவே சொன்னேன்..." என்று வாயைத் திறந்தேன். "கெளகே!" என்று மாமா கத்தினார். என் குடும்பம் மொத்தமும் மேஜைக்கு அடியில் போனது. கதை தெரியாத சம்பந்தி வீட்டாரும் பயந்து பின்னாலேயே குனிந்தார்கள்.

இத்தனை பேரில் ஒருவர்கூட அந்த மூன்றாவது காரணம் என்ன என்று கேட்டதில்லை.