தந்தி அண்ணை வாயை மூடிய இரண்டு வாரம்

தொண்ணூறுகளில் லண்டன் செவன் கிங்ஸ் பக்கத்தில் யாருக்காவது ஏதாவது நடந்தால், அது நடந்த ஆளுக்கே தந்தி அண்ணை சொல்லித்தான் தெரியவரும். நான் பெருக்கிச் சொல்லவில்லை. என் நண்பன் சிவம், தான் தகப்பனாகப் போவதைக் கேள்விப்பட்டது குட்மேய்ஸ் பெற்றோல் செட்டில். காருக்குப் பெற்றோல் அடித்துவிட்டு உள்ளே போனவனிடம், கல்லாவில் நின்ற தந்தி அண்ணை, "வாழ்த்துக்கள் தம்பி, ஆம்பிளைப் பிள்ளை போலத்தான் கிடக்கு" என்று சொல்லியிருக்கிறார். சிவம் வீட்டுக்கு ஓடினான். "பின்னேரம் சொல்லுவமெண்டு இருந்தனான், அதுக்குள்ளை ஆர் சொன்னது?" என்று மனைவி அழுதுவிட்டாள்.

ஊரில் தபால் கந்தோரில் தந்தி அடித்த மனிதர். வந்த சேதியை உடனே அனுப்பிவிட வேண்டும் என்று பழகிய கை. லண்டனுக்கு வந்தபிறகு அந்தப் பழக்கம் வாய்க்கு ஏறிவிட்டது. மற்றபடி அவரிடம் வஞ்சகம் துளியும் இல்லை.

அவருடைய வீட்டு மேல் அறையில் நான் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தேன். அந்தக் காலத்தில் கார் ஓட்டும் சோதனையில் நான்கு தரம் கோட்டை விட்டேன். ஒவ்வொரு தரமும் நான் வீட்டுக்கு வந்து சேருமுன் சேதி கோயிலுக்குப் போயிருக்கும். ஐயர் என் கையில் திருநீற்றைப் போட்டுக்கொண்டே, "இந்தமுறையும் றிவேர்ஸிலயே தம்பி?" என்று கேட்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் காலை அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. பதினொரு வருடம் காத்திருந்து, அப்போதுதான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்திருந்தார். அதைச் சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்திருந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, கோட்டுக்கு வரட்டாம். நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லையே!"

வாங்கிப் படித்தேன். "உங்களை விசாரிக்க இல்லை அண்ணை. ஜூரியிலை இருக்கக் கூப்பிடுறாங்கள். குற்றவாளியோ இல்லையோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

"நானோ?" என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் குட்மேய்ஸுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் வட லண்டன் எட்மண்டனிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 'ஜட்ஜ் ஐயா' இருக்கிறாரா என்று கேட்டார். கடிதத்தோடு வந்த சிறு கையேட்டை நான் படித்துக் காட்டியபோதுதான் இடி விழுந்தது. வழக்கைப் பற்றி வெளியே யாரிடமும் பேசக்கூடாது என்று அதில் இருந்தது.

"ஒருத்தரோடையுமோ?"

"ஓம்."

"பூமணியோடையும்?"

அவருடைய மனைவி பூமணி அக்கா அடுப்படியிலிருந்து, "ரெண்டு கிழமைக்கு என்ரை காதுக்கு லீவு" என்றார்.

"கதைச்சால் என்ன செய்வாங்கள் தம்பி?"

நான்கு சோதனைக் கதைகளும் என் மனதுக்குள் எழும்பி வந்தன. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "பாஸ்போர்ட்டைப் பறிச்சுப்போடுவாங்கள்" என்றேன். வெறும் பகிடிக்குச் சொன்ன பொய். ஆனால் அவர் எழுந்து போய்ப் பிள்ளையாருக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை கல்யாண வீட்டுக் கோட்டுசூட்டோடு புறப்பட்டார். கையில் பெரிய பை. பிறந்த சேட்டிபிக்கற், அதன் மொழிபெயர்ப்பு, பள்ளிக்கூடத்துச் சேட்டிபிக்கற், இந்த நாட்டுக்கு வந்தபோது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே. "எக்ஸ்ரே எதுக்கு அண்ணை?" என்றேன். "கேட்டால் இல்லையெண்டு சொல்ல ஏலாது" என்றார். எங்கள் ஆட்கள் எந்தக் கந்தோருக்கும் வெறுங்கையோடு போனதில்லை.

பின்னேரம் வந்தார். பிட்டைச் சாப்பிட்டார். படுக்கப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். சிவம் பழி தீர்க்க வந்து முன்னால் உட்கார்ந்தான்.

"அண்ணை, கொலையோ களவோ? வாய் திறக்க வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கோ."

தந்தி அண்ணை இரண்டு கையாலும் தன் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கே தன்னை அறியாமல் ஆடிவிடுமோ என்ற பயம். சிவம் போகும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை சுகமில்லை என்று வேலைக்கு அறிவித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். வாசலில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த வாரம் வந்த ஜூரிக்காரர்கள் இரண்டு நாளாகக் காத்திருக்கும் அறையில் சும்மா இருந்திருக்கிறார்கள். மனிதர் சும்மா இருந்ததைக்கூட எங்களுக்குச் சொல்லவில்லை!

மூன்றாவது விசாரணை அறையில் அவரைக் கண்டுபிடித்தேன். பார்வையாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஒருதரம் திரும்பி அவளைப் பார்த்தான். தாயும் மகனும் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஜூரிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். தந்தி அண்ணையின் முறை வந்தது. கீதையை நீட்டினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நீதிபதி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார்.

"புனிதப் புத்தகம், ஐயா. சப்பாத்தோடு தொட முடியாது" என்று இங்கிலீஷில் பதில் வந்தது.

நீதிபதி தலையசைத்துவிட்டுக் காத்திருந்தார். இரட்டை முடிச்சு. முழு நீதிமன்றமும் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பெண் கைக்குட்டையை மடிப்பதை நிறுத்தினாள். "நிதானமான மனிதர் போலிருக்கிறது" என்று தனக்குள் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள். காலுறைக்குள்ளிருந்து ஒரு பெருவிரல் வெளியே தெரிய, எங்கள் அண்ணை எழுந்து நின்று கணீரென்று சத்தியம் செய்தார்.

பிறகு நிமிர்ந்தவர் என்னைக் கண்டார்.

அந்த முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. அவசரமாக ஒரு கடதாசியில் ஏதோ எழுதி மடித்துக் கொடுத்தார். அது நீதிபதியிடம் போனது. நீதிபதி படித்தார், என்னைப் பார்த்தார். சற்று நேரத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பணியாளர் வந்து என் காதருகே மரியாதையாகக் குனிந்தார். நான் ஜூரிக்காரர் ஒருவரின் வீட்டில் குடியிருப்பவனாம், விடுப்பு அறிய, வம்பு பொறுக்க வந்திருக்கிறேனாம், தயவுசெய்து வெளியே போக முடியுமா என்றார். தந்தி அண்ணையால் நான் பலதரம் மாட்டிக்கொண்டவன். ஆனால் நீதிபதி வரைக்கும் போனது அன்றுதான். கூண்டில் நின்றவன்மேல் என்ன குற்றம் என்று அதுவரை வாசிக்கக்கூடத் தொடங்கவில்லை.

அடுத்த வாரம் வழக்கு முடிந்தது. என் மனதில் அந்தத் தாயின் கைக்குட்டையே நின்றது. சாப்பிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தந்தி அண்ணையிடம் போய் நின்றேன்.

"அண்ணை, பாஸ்போர்ட் கதை பகிடிக்குச் சொன்னது. வழக்கும் முடிஞ்சுது. தீர்ப்பு எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சதுதானே, அதைச் சொல்லலாம். அந்த மனுசியின்ரை மகனுக்கு என்ன நடந்தது?"

"பகிடியெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். அங்கை கேட்டுப்போட்டன்."

"பின்னை ஏன் வாய் திறக்கிறியள் இல்லை?"

தண்ணீர்க் குழாயை மூடினார்.

"தம்பி, இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் எல்லாரும் என்னைக் கேள்விதான் கேட்டவை. எப்பிடி வந்தனீர், ஏன் வந்தனீர், ஆர் கூட்டிக்கொண்டு வந்தது. அண்டைக்கு ஜூரிக்காரர் கூடிக் கதைக்கிற அறைக்குள்ளை ஒருத்தி என்னைப் பாத்து, நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு கேட்டவள். நான் சொல்லி முடிக்குமட்டும் ஒருத்தரும் குறுக்கை கதைக்கேல்லை." கையைத் துடைத்தார். "அதைக் கொண்டுவந்து பெற்றோல் செட்டிலை குடுக்கச் சொல்லுறீரோ?"

நான் கழுவிய கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு மேலே போனேன். அவர்மேல் அப்போது வந்த மரியாதை பிறகு குறையவே இல்லை, மறுநாளே அவர் பழைய தந்தியாக மாறிவிட்டபோதும். வெள்ளிக்கிழமை திருநீறு வாங்கக் கை நீட்டினேன். ஐயர், "கோட்டிலயும் ஃபெயிலோ தம்பி?" என்றார்.

தந்தி அண்ணை காலமாகிப் பல வருடமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பும் அவரோடு போய்விட்டது. போன மாதம் எனக்கு ஜூரிக் கடிதம் வந்தது. சத்தியம் செய்யும் முறை வந்ததும் நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். நிமிர்ந்ததும் பார்வையாளர் பக்கம் ஒருதரம் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு நிச்சயம் வந்திருப்பார்.

நான் கடதாசி எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன்.